ஜாகுவாரின் ‘டைப் 00’ காருக்கு எழுந்த கருத்துகளில் யாருடையதைக் கணக்கில் எடுப்பது?

ஜெலுத்தோங் மாணவன் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கில் தொழில்துறை வடிவமைப்பு இறுதியாண்டு படித்து வருகிறேன். ஒரு பொருள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றி மக்கள் வெளியிடும் கருத்துகளை வடிவமைப்பாளர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கி, அடுத்த மாதம் வகுப்பில் படைக்க வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவின் மயாமி நகரில் ஜாகுவார் நிறுவனம் காட்டிய ‘டைப் 00’ என்னும் மின்சாரக் கருத்துருக் காரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கருத்துருக் கார் விற்பதற்காகச் செய்யப்படுவதன்று. நிறுவனம் இனிப் போகவிருக்கும் திசையைக் காட்டுவதற்காகச் செய்யப்படுவது. டைப் 00 மிக நீண்ட பானெட்டும், தாழ்ந்த கூரையும், 23 அங்குலச் சக்கரங்களும் கொண்டது. பின்பக்கம் கண்ணாடியே இல்லை. அந்த வேலையைக் கேமரா செய்கிறது. இளஞ்சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் வெளியான விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் உடைகளில் மனிதர்கள் வந்தார்களே தவிர, கார் ஒன்றுகூட வரவில்லை. ‘நீங்கள் கார் விற்கிறீர்களா?’ என்று ஈலோன் மஸ்க் கேட்டது உலகம் முழுக்கப் பரவியது. கார் வெளிவந்ததும் கேலி இன்னும் பெருகியது. பாராட்டியவர்களும் இருந்தார்கள், ஆனால் அவர்களுடைய குரல் மெலிந்தே கேட்டது.

இணையத்தில் கிடைத்த கருத்துகளைத் திரட்டி, பிடித்தவர், பிடிக்காதவர், கேலி செய்தவர் என்று மூன்றாகப் பிரித்தேன். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் என் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘இவர்களில் இந்தக் காரை வாங்கக்கூடியவர் யார்?’ இதிலிருந்து பிறக்கவிருக்கும் நான்கு கதவுக் காரின் விலை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று சொல்லப்படுகிறது. நான் திரட்டிய கருத்துகளில் வாங்குவேன் என்றோ, வாங்க நினைத்திருந்தேன் இனி மாட்டேன் என்றோ எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாங்கவே போகாதவர்களின் கோபத்தை ஒரு வடிவமைப்பாளர் பொருட்படுத்த வேண்டுமா, அல்லது ஒதுக்கிவிடலாமா? கார்த் தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பல ஆண்டுகளாக மைவி என்ற சிறு கார் ஓட்டும் என் தந்தையிடம் படத்தைக் காட்டினேன். ‘பின் கண்ணாடி எங்கே?’ என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார்.

செந்தூல் பட்டறைக்காரர் – பதில்

தம்பி, உங்கள் தந்தை கேட்டதைத்தான் என் பட்டறைக்கு வந்தவர்களும் கேட்டார்கள். ஆனால் கேட்டவர்களின் வண்டிகளைப் போய்ப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2019 மே மாதம் முதல் நம் நாட்டில் பின் கண்ணாடிக்கு எவ்வளவு கறுப்பான படலத்தையும் ஒட்டிக்கொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ பேர் இருட்டறைபோல ஒட்டிக்கொண்டு, பின்னோக்கி வரும்போது திரையில் தெரியும் கேமராப் படத்தை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். பின் கண்ணாடி என்ற ஒன்றை நடைமுறையில் கைவிட்டவர்களே, அது இல்லாத காரைப் பார்த்ததும் பதறுகிறார்கள். போல்ஸ்டார் 4 என்ற மின்சாரக் கார் பின் கண்ணாடி இல்லாமலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது என்பதையும் உங்கள் படைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறு. பெரிய சக்கரமும் ஒல்லியான டயரும் நம் சாலைக் குழிகளில் விழுந்தால் முதலில் போவது ரிம். ஆனால் அது கருத்துருக் காருக்குச் சொல்லும் குறை அன்று. கண்காட்சிக்கு வரும் காரின் சக்கரம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். உற்பத்திக்கு வரும்போது அது சிறுத்துவிடும். ஆகவே ஒரு கருத்தை எடை போடும்போது, அது கண்காட்சிக்காகச் சேர்த்த அலங்காரத்தைப் பற்றியதா, உற்பத்திக் காரிலும் நிலைக்கப்போகும் உருவத்தைப் பற்றியதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பிடித்தவர், பிடிக்காதவர் என்று பிரிப்பதைவிட இது பயன்படும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர் – பதில்

தம்பியின் கேள்விக்கு ஜாகுவாரின் சொந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கோலாலம்பூரில் பிரிட்டிஷ் கார்களை விற்ற ஒரு நிறுவனத்தின் உதிரிப்பாகப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961ஆம் ஆண்டு ஜெனீவாவில் அறிமுகமான ஈ-டைப் என்ற ஜாகுவார் காரைத்தான் இன்று டைப் 00ஐ ஏசுகிறவர்கள் எல்லாரும் அளவுகோலாக வைக்கிறார்கள். அந்த ஈ-டைப்பின் உற்பத்தி முடிந்து, 1975ஆம் ஆண்டு அதன் இடத்துக்கு எக்ஸ்ஜே-எஸ் என்ற கார் வந்தபோது நேர்ந்ததை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். கூரையிலிருந்து பின்பக்கம்வரை இரு புறமும் சரிந்து இறங்கும் தகடுகளைப் பார்த்து, ஜாகுவார் அழகைத் தொலைத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். இத்தனைக்கும் அதன் உருவத்துக்கு அடித்தளம் இட்டவர், ஈ-டைப்பை உருவாக்கிய அதே மால்கம் சேயர்தான். அவர் 1970ஆம் ஆண்டே காலமாகிவிட்டதால், தம் இரண்டு பிள்ளைகளில் ஒன்று போற்றப்பட்டதையும் மற்றொன்று தூற்றப்பட்டதையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

எங்கள் கடைக்கு அப்போது வந்துகொண்டிருந்த ஈப்போ சுரங்க முதலாளி ஒருவர், எக்ஸ்ஜே-எஸ்ஸின் விளம்பரப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ‘இதை வாங்குவதற்குப் பதில் நான் லாரி வாங்குவேன்’ என்று மேசையில் போட்டுவிட்டுப் போனார். 5.3 லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், எண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம்; அவர் சொன்னதில் உருவத்தின்மீது இருந்த வெறுப்பு எவ்வளவு, பெட்ரோல் செலவின்மீது இருந்த பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் விற்பனை படுத்துவிட்டது. பிறகு 1981ஆம் ஆண்டு எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும்படி எஞ்சினைத் திருத்தினார்கள். 1988ஆம் ஆண்டு கூரை மடங்கும் வகையையும் கொண்டுவந்தார்கள். 1996வரை ஓடிய அந்தக் கார் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எல்லாரும் கொண்டாடிய ஈ-டைப் செய்யப்பட்டதோ ஏறத்தாழ 72,500தான்.

இதிலிருந்து திட்டு வாங்கும் கார் எல்லாம் பின்னால் வெற்றி பெறும் என்று தம்பி எழுதிவிடக் கூடாது. கோபத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். 1975இல் எழுந்த கோபம் புதிய காரின்மீது வந்த கோபம்போல் தோன்றினாலும், பாதி பழைய கார் போய்விட்டதே என்ற துக்கம். டைப் 00க்கு எழுந்ததிலும் அந்தத் துக்கத்தின் வாடை எனக்கு அடிக்கிறது. அந்த நிறுவனம் 2024ஆம் ஆண்டு எக்ஸ்இ, எக்ஸ்எஃப், எஃப்-டைப் ஆகிய மூன்றின் உற்பத்தியையும் முடித்துக்கொண்டது. இழவு வீட்டில் வண்ணப்பொடி தூவியதுபோலத்தான் அந்த விளம்பரம் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பட்டிருக்கும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் – பதில்

ஐயா எழுதியதை மிகவும் விரும்பிப் படித்தேன். மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவள் என்பதால் எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லுகிறேன், ஏனென்றால் இந்தக் காரைப் பற்றிய பேச்சில் ஓர் எண் தவறான இடத்தில் தொடர்ந்து பயன்படுகிறது.

2025 ஏப்ரலில் ஐரோப்பாவில் பதிவான ஜாகுவார் கார்கள் 49 மட்டுமே. முந்தைய ஆண்டு அதே மாதத்தில் 1,961. விளம்பரமும் இளஞ்சிவப்புக் காரும் சேர்ந்து நிறுவனத்தை 97.5 விழுக்காடு சரித்துவிட்டன என்று ஒரு படம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றியது. என் தம்பியே எனக்கு அனுப்பினான். உண்மையில், பழைய வகைகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, புதிய மின்சாரக் கார் வரும்வரை விற்பனையில் இடைவெளி விடுவது என்று நிறுவனமே முன்கூட்டித் தீர்மானித்திருந்தது. கடையில் சரக்கே இல்லாத மாதத்தில் விற்பனை குறைந்ததைக் காட்டி, வாடிக்கையாளர் வெறுத்துவிட்டார் என்று நிறுவ முடியாது. அந்த விளம்பரம் கெடுதலே செய்யவில்லை என்று நான் வாதிடவில்லை. அந்த 49 என்ற எண் அதற்குச் சான்றாகாது என்று மட்டுமே சொல்கிறேன்.

அடுத்து, எதிர்ப்புறச் சான்று ஒன்று. 2017ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஹோண்டா நிறுவனம் ‘அர்பன் ஈவி’ என்ற சின்னஞ்சிறு மின்சாரக் கருத்துருக் காரைக் காட்டியபோது, எழுபதுகளின் சிவிக்கை நினைவூட்டிய அந்த முகத்தைக் கண்டு உலகமே உருகியது. இப்படியே விற்பனைக்குக் கொண்டுவாருங்கள் என்று கெஞ்சாதவர் இல்லை. இரண்டு கதவு ஐந்தானது போன்ற மாறுதல்கள் இருந்தாலும், முகம் மாறாமல் 2020ஆம் ஆண்டு ‘ஹோண்டா இ’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 35.5 கிலோவாட் மணி மின்கலம்; ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 220 கிலோமீட்டர்; விலையோ அந்தத் தூரத்துக்குப் பொருந்தாத விலை. கைதட்டியவர்கள் வாங்க வரவில்லை. நான்கே ஆண்டுகளில், 2024இல், ஐரோப்பாவில் அதன் விற்பனை முடிந்தது.

ஜாகுவாரின் ஐ-பேஸும் அப்படித்தான். எஞ்சின் இல்லாத காருக்கு நீண்ட பானெட் எதற்கு என்று கேட்டு, பயணிகள் அறையை முன்னால் நகர்த்தி அமைத்த கார் அது. 2019ஆம் ஆண்டு உலகின் சிறந்த கார், சிறந்த வடிவமைப்பு, சிறந்த பசுமைக் கார் என்று மூன்று பட்டங்களையும் ஒருசேரப் பெற்றது. நடுவர்கள் கொண்டாடிய அந்த அறிவார்ந்த உருவத்தை விட்டுவிட்டு, ஈ-டைப்பைப்போல நீண்ட பானெட்டுக்கு அவர்கள் திரும்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பொறியியல் தேவைக்காக அன்றி, நினைவுக்காக நீட்டப்பட்ட பானெட் அது. என் பார்வையில் டைப் 00இன் உண்மையான பலவீனம் நிறத்திலும் இல்லை, பின் கண்ணாடியிலும் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஆனால் தம்பி திரட்டிய கருத்துகளில் இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

கிள்ளான் சாலை நண்பர் – பதில்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. 2008ஆம் ஆண்டு டாட்டா வாங்கியதிலிருந்தே ஜாகுவார் பிரிட்டிஷ் கார் இல்லை. மக்களின் கோபத்துக்கு அதுதான் காரணம். வெளியே சொல்ல முடியாமல் நிறத்தைக் குறை சொல்கிறார்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் – பதில்

அண்ணன் சொல்வது பொருந்தவில்லை. டாட்டா மோட்டார்ஸ் 230 கோடி அமெரிக்க டாலருக்கு ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்தே வாங்கியது. உரிமையாளர் மாறியதுதான் கோபத்துக்குக் காரணம் என்றால், அதே உரிமையாளரின் ரேஞ்ச் ரோவரும் டிஃபெண்டரும் இன்று இப்படி விரும்பப்பட மாட்டா. டைப் 00 வரையப்பட்டதும் இங்கிலாந்தில்தான். அந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் ஜெர்ரி மெக்கவர்ன். சென்னை ஐஐடியில் படித்த பி.பி. பாலாஜி 2025 நவம்பரில் ஜாகுவார் லேண்ட் ரோவரின் தலைமைச் செயல் அதிகாரியானார் என்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அவர் பொறுப்பேற்கும்போது இந்தக் கார் வெளிவந்து பதினோரு மாதங்கள் ஆகிவிட்டன. புகழோ பழியோ அவருடைய கணக்கில் எழுத இடமில்லை.

ஜெலுத்தோங் மாணவன் – பதில்

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் அக்காள் கேட்டபடி எண்ணிப் பார்த்தேன். பானெட்டின் நீளம் ஒரு மின்சாரக் காருக்குத் தேவையா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலான கருத்துகள் நிறம், விளம்பரம், புதிய எழுத்துச் சின்னம் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன. 770 கிலோமீட்டர் ஓடக்கூடியதாகவும், 15 நிமிடத்தில் 321 கிலோமீட்டருக்குத் தேவையான மின்னேற்றம் பெறக்கூடியதாகவும் உற்பத்திக் கார் இருக்க வேண்டும் என்று நிறுவனம் இலக்கு அறிவித்திருக்கிறது. இங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய், நடுவில் எங்கும் நிற்காமல் திரும்பி வரலாம் என்ற அளவு அது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இப்போது எழும் ஐயம் இது: ஏசியதும் செல்லாது, கைதட்டியதும் செல்லாது என்றால், கருத்துருக் காரைப் பொதுமக்களுக்குக் காட்டுவதே வீண் வேலைதானே?

சேராஸ் கணக்காளர் – பதில்

வீண் என்று சொல்லிவிட முடியாது. நம் நாட்டு எடுத்துக்காட்டையே பார்ப்போம், ஏனென்றால் அதில் கருத்துச் சொன்னவர்களும் வாங்கப்போகிறவர்களும் ஒரே கூட்டம்.

மயாமியில் டைப் 00 வெளிவந்த அதே வாரத்தில், 2024 டிசம்பர் 5 முதல் 11வரை இங்கே மைடெக் அரங்கில் நடந்த மோட்டார் கண்காட்சியில் பெரோடுவா தன் ‘எமோ-2’ மின்சாரக் காரைக் காட்டியது. அலுவலகத் தோழிகளோடு போய்ப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் மூக்கு நன்றாக இருக்கிறதா, விளக்கு எதைப்போல இருக்கிறது, பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் உட்கார முடியுமா என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழுந்தவரையில் மின்கலம் யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஓராண்டு கழித்து, 2025 டிசம்பர் 1ஆம் தேதி, அந்த முயற்சி க்யூவி-இ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அறிமுக விலை 80,000 வெள்ளி (ரிங்கிட்), ஆனால் மின்கலம் அதில் சேராது. அதற்கு மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது ஆண்டுகளுக்கு. அன்று மாலையே என் குடும்பக் குழுவில் எல்லாரும் கணக்காளர்களாகிவிட்டார்கள். 275ஐப் பன்னிரண்டால் பெருக்கி, ஒன்பதால் பெருக்கினால் 29,700. ஆக மொத்தம் 109,700 வெள்ளி என்று என் மாமாவே எனக்குப் பாடம் எடுத்தார். மூக்கையும் விளக்கையும் பற்றிய பேச்சு போன இடம் தெரியவில்லை. மின்கலம் பழுதானால் நம் தலையில் விழாது என்று ஒரு பக்கமும், மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டிய காரை நாளைக்கு யாரிடம் விற்பது என்று மறு பக்கமும் வாதம் நடந்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை முடியவில்லை.

ஆகவே தம்பி, மக்கள் தவறாகக் கருத்துச் சொல்கிறார்கள் என்பதைவிட, தங்கள் முன் வைக்கப்பட்டதைப் பற்றி மட்டுமே அவர்கள் கருத்துச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவத்தை மட்டும் காட்டினால் உருவத்துக்குத்தான் மறுமொழி கிடைக்கும். விளம்பரத்தில் காரையே காட்டாமல் மனிதர்களைக் காட்டினால், மனிதர்களின் உடையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஜாகுவாருக்குக் கிடைத்த மறுமொழி அவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான விடைதான். அவர்கள் கேட்ட கேள்விதான் காரைப் பற்றியதாக இல்லை.

இன்னொன்று. 2010ஆம் ஆண்டு ஜெனீவாவில் புரோட்டோன் ‘எமாஸ்’ என்ற கருத்துருக் காரைக் காட்டியது நினைவிருக்கிறதா? மின்கலத்தோடு சிறு பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்தது. இத்தாலியின் இட்டால்டிசைன் வரைந்தது. நம்மவர்கள் பெருமைப்பட்டோம், பாராட்டினோம், பிறகு அது விற்பனைக்கு வரவேயில்லை. 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 வந்தபோது பெயர் மட்டும் திரும்பியிருந்தது. கார் சீனாவின் ஜீலி காரை அடிப்படையாகக் கொண்டது. பாராட்டு ஒரு காரை உற்பத்திக்குக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் சான்று உங்களுக்குக் கிடைக்காது.

செந்தூல் பட்டறைக்காரர் – பதில்

கணக்காளர் அம்மா சொன்னது சரி, ஆனால் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். வாங்காதவன் கருத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு லட்சம் பவுண்டு கொடுத்துக் கார் வாங்குபவன், அதைப் பார்த்து மற்றவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் வாங்குகிறான். மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவகம்) வாசலில் நிறுத்தும்போது பத்துப் பேர் சிரித்தால், வங்கியில் எவ்வளவு இருந்தாலும் அவன் வாங்கமாட்டான். மைவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆடம்பரக் காருக்கு உண்டு. அதனால் தம்பியின் தந்தை தேநீர் குடிக்கப் போனதையும் ஒரு கருத்தாகக் குறித்துக்கொள்ளலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர் – பதில்

பட்டறைக்காரர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு சிறு திருத்தத்தோடு. லாரி வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போன அந்த ஈப்போ முதலாளி, 1989ஆம் ஆண்டு கூரை மடங்கும் எக்ஸ்ஜே-எஸ் ஒன்றை வாங்கினார். அதன் உதிரிப்பாகங்களுக்காக என்னிடம்தான் வந்துகொண்டிருந்தார். முன்பு சொன்னதை நினைவுபடுத்தியபோது, அப்படிச் சொன்னதே நினைவில்லை என்று சாதித்தார்.

ஜெலுத்தோங் மாணவன் – பதில்

ஐயா, மூன்று குவியல்களையும் கலைத்துவிட்டேன். ஒவ்வொரு கருத்தும் கண்காட்சி அலங்காரத்தைப் பற்றியதா, நிலைக்கும் உருவத்தைப் பற்றியதா, போய்விட்ட பழைய காரைப் பற்றியதா, விளம்பரத்தைப் பற்றியதா என்று மறுபடியும் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எக்ஸ்ஜே-எஸ்ஸுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கப்போகிறேன். அந்தக் காலத்து விளம்பரப் புத்தகம் ஏதும் தங்களிடம் இருந்தால், படம் பிடித்து அனுப்ப இயலுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பெரியவர் – பதில்

இருக்கிறது தம்பி. அவர் மேசையில் போட்டுவிட்டுப் போன அதே புத்தகம். அட்டையில் தேநீர்க் கறை இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். பேரன் ஞாயிற்றுக்கிழமை வருவான், அவனைக் கொண்டு படம் எடுத்து அனுப்புகிறேன்.